எதிர்ப் பக்கத்து டியூப்

இந்த அறையின் மேல்விசிறி ஆடுகிறது மேடம். மூன்று இறக்கையில் ஒன்று கனம் கூட. அல்லது துடைக்கும்போது யாரோ வளைத்துவிட்டார்கள். கழற்றி, மூன்றையும் எடை பார்த்து மாட்டினால் கால் மணி நேர வேலை. நேற்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் மேலே பார்த்தபடியே பதில் சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். திமிர் இல்லை. ஆடுகிற பொருளுக்குக் கீழே என்னால் உட்கார முடிவதில்லை.

பேசச் சொன்னால் எழுந்து எழுந்து நடக்கிறேன் என்று காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் எழுதும்போதும் எழுந்து நடந்துகொண்டுதான் இருக்கிறேன், வாசலில் நிற்கும் காவலரைக் கேட்டால் சொல்வார். சின்ன வயதிலிருந்தே இப்படி. கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. “உன் கால்ல சக்கரம் கட்டியிருக்குக்கா” என்பாள் என் தங்கை. அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் வேலை பார்த்த கிளினிக் இரண்டாவது மாடி. தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை, முதல் மாடியில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர்கள், அதற்கு மேலே நாங்கள். தோல், முடி, மூட்டு என்று போர்டில் மூன்று எழுதியிருக்கும். உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒரே வைத்தியம். வருகிறவரின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மாவை மட்டும் பிரித்து, அதே ஆளுக்கு வேண்டிய இடத்தில் ஊசியாகப் போடுவது. முடி கொட்டும் தலைக்கும் அதுதான், தேய்ந்த முட்டிக்கும் அதுதான், பரு வடு விழுந்த முகத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் அதுதான். “வீட்டுச் சமையல் மாதிரி. உங்க ரத்தம் உங்களுக்கே ஒத்துக்காம போயிடுமா?” என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரிப்பார். பதினோரு வருடமாக அதே வரி, அதே இடத்தில் அதே சிரிப்பு. நல்ல மனுஷர். அவருக்கு எதுவும் தெரியாது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ரத்தம் எடுப்பது, பிரிப்பது, ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்துக் கொடுப்பது என் வேலை. மெஷினில் வட்டமாக எட்டுக் குழி. ஒரு குழியில் டியூப் வைத்தால் நேர் எதிர்க் குழியில் அதே எடைக்கு இன்னொன்று வைத்தாக வேண்டும். இல்லையென்றால் மெஷின் உறுமிக்கொண்டு மேஜை மேலேயே நடக்க ஆரம்பித்துவிடும். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் எதிர்ப் பக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றிய டியூப். இரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு ஒருவர் எதிர். பத்து நிமிடம் சுற்றும். நாள் முழுக்க நான் அசையாமல் நிற்பது அந்தப் பத்து நிமிடம்தான். நின்றதும் வெளியே எடுத்தால் அடியில் சிவப்பு, நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை, மேலே தெளிந்த மஞ்சள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

டியூபில் பெயர் ஒட்டியிருக்கும். படுத்திருப்பவர் அதைத் தன் வாயால் படித்துச் சொல்ல வேண்டும். அது நான் கொண்டுவந்த பழக்கம், டாக்டர் பாராட்டினார். ஊசியில் மட்டும் பெயர் ஒட்டுவதில்லை. ஒட்டினால் அளவுக் கோடு மறைந்துவிடும். என் அறைக்கு இடது பக்கம் ஒரு கதவு, வலது பக்கம் ஒரு கதவு. இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் படுத்திருப்பார்கள், டாக்டர் ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போவார். எந்தத் தட்டு எந்தக் கதவு வழியாகப் போகிறது என்பது எனக்கு மட்டுமே தெரிகிற விஷயம். பதினோரு வருடத்தில் ஒரு தட்டுகூடத் தவறுதலாகக் கதவு மாறிப் போனதில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தங்கை. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் வீட்டிலும் அவளுக்கு விசில் என்றே பெயர். சமையலறையில் பால் பொங்கினால்கூட ஊதித்தான் என்னைக் கூப்பிடுவாள். இருபத்தாறு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. அதையும் ஒரு போட்டி மாதிரி எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தாள். நானும் அவளும் மட்டும் இருக்கிற வீடு. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

போன வருடம் அவள் பிறந்த நாளுக்கு ஓடுகிற காலணி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அவளைக் கேட்காமல் வாங்கினேன், ஆச்சரியப்படுத்தலாம் என்று. எனக்கு ஞாபகமிருந்த அளவு பழைய அளவு. ஒரு நம்பர் சின்னது. நான் ஆசையாக வாங்கியதை மாற்றச் சொல்ல மனசில்லாமல் அவள் போட்டுக்கொண்டாள். சர்க்கரை வந்தவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடித்தது அவளுக்குத் தெரியவேயில்லை. காலுறையில் ஈரம் பட்டிருப்பதைத் துணி துவைக்கும்போது நான்தான் பார்த்தேன். இடது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண்.

பொத்தான் எட்டு மாதத்தில் பாட்டில் மூடி அளவுக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். “ரெண்டு விரல் இப்ப போகும். விட்டா பாதம். இன்னும் விட்டா எங்க நிறுத்தறதுன்னு நான் சொல்ல முடியாது. நாலு மாசம் டைம் தரேன். புண்ணுல பாரம் விழாம இருக்க இந்த பூட்ஸைப் போட்டுக்கட்டும், காலைத் தரையில ஊணவே கூடாது.” தங்கை கட்டிலில் உட்கார்ந்து விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், “விடுக்கா, ரெண்டு விரல்தானே, மிச்சம் எட்டு இருக்கில்ல” என்று சிரித்தாள். அந்தக் காலணி அப்போதும் வீட்டு வாசலில்தான் கிடந்தது.

எங்கள் டாக்டர் தானாகவே முன்வந்தார். “கூட்டிட்டு வாங்க, மூணு வாரத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாப்போம். ரத்தப் பரிசோதனையெல்லாம் ஆஸ்பத்திரியில பாத்திருப்பாங்களே, எல்லாம் சரிதானே?” என்றார். சரிதான் என்றேன். பரிசோதனை அறிக்கை என் கைப்பையில் மடித்து இருந்தது. நேற்று அதை நான் படிக்கவேயில்லை என்று உங்களிடம் சொன்னேன். அதற்கும் பிறகு வருகிறேன்.

ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள்.

தங்கையின் முதல் டியூபை மெஷினிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் சோப்பு கரைத்த தண்ணீர் மாதிரி மங்கலாக ஒன்று. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது. பதினோரு வருடமாக மனிதர்களின் ரத்தத்தைப் பார்த்தவள் நான். இது புண்ணை ஆற்றுகிற ரத்தம் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டாக்டர் ஊசியைப் போட்டார், கட்டுப் போட்டார், சிரித்தார். வீட்டுச் சமையலில் சத்தே இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கண்ணாடிக் கடைப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்டவை நிறைய. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருபத்து நான்கு வயது. மாடிப்படியில் எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள், அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டுபடி. வருகிற எல்லோருக்கும் நான் இப்படி ஒரு பெயர் வைத்திருப்பேன். முன்னந்தலை காலியான ஒருவருக்கு மொட்டைமாடி, முட்டிக்கு வருகிற பெரியவருக்குக் கிறீச். யாரையும் புண்படுத்த இல்லை. பெயர் டியூபுக்கு, பட்டப்பெயர் எனக்கு.

வெள்ளெழுத்து வந்து கண்ணாடி வாங்கப் போனபோது அவள்தான் எனக்கு அளந்து மாட்டினாள். அந்த வேலையில் முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இடைவெளி. அவள் இரண்டு கன்னமும் பரு வந்து போன குழிகள். கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. “எல்லாரும் என்னை இவ்ளோ கிட்டத்துலதான் பாக்கறாங்க” என்று அவளாகவே சொன்னாள், சிரித்துக்கொண்டே. “முதல்ல கன்னத்தைப் பாப்பாங்க, அப்புறம்தான் எந்த ஃப்ரேம்னு பாப்பாங்க.” பாவமாக இருந்தது. மாடிக்கு வா, ஆறு தடவையில் பாதி மறைந்துவிடும் என்றேன். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எந்த எண்ணமும் இல்லை.

இல்லை, இதைத் திருத்திக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வது என்று உட்கார்ந்த பிறகு பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. திங்கட்கிழமை நான் கண்ணாடிக்குச் சொல்லப் போனபோது, சின்ன திருப்புளி வழுக்கி அவள் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. நல்ல வெட்டு. நான்தான் பஞ்சு வைத்து அழுத்தினேன். சொல்லி வைத்தாற்போல ரத்தம் உடனே நின்றது. புதன்கிழமை கண்ணாடியை வாங்கப் போனபோது அந்த விரலைப் பார்த்தேன். மூடியிருந்தது. இரண்டு நாள். என் வீட்டில் எட்டு மாதமாக மூடாத ஒன்று இருந்தது. அதற்குப் பிறகுதான் மாடிக்கு வா என்றேன்.

அவளுடைய முதல் டியூப் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வெயிலில் வைத்த தேன் மாதிரி தெளிவு. எதிர்ப் பக்கத்துக் குழியில் என் தங்கையின் டியூப். அது தங்கைக்கு இரண்டாவது தடவை. இருவருக்கும் ஒரே புதன்கிழமை, ஒரே நேரம்; அந்த ஏற்பாட்டைச் செய்தது நான். முதல் தடவை நடந்தது தவறு என்று நேற்று சொன்னேன், அவசரத்தில் தட்டு மாறிவிட்டது என்று. தட்டு மாறவில்லை. ரத்த வகை இருவருக்கும் ஒன்று என்பதை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். அவசரப்படுகிறவள் அதைப் பார்த்து வைக்க மாட்டாள்.

இடது கதவு வழியாக அவளுடையது தங்கைக்குப் போயிற்று. வலது கதவு வழியாகத் தங்கையுடையது அவள் முகத்துக்குப் போயிற்று. நீங்கள் நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள்: அவளுடையதை எடுத்துக்கொண்டாய் சரி, அவளுக்கு வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமே என்று. உப்புத் தண்ணீருக்கு நிறம் கிடையாது மேடம், டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அதோடு தங்கையின் ரத்தம் அங்கே சும்மா இருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி முகத்தைச் சுளித்துக் கொடுத்தது. அதைக் கழிவு வாளியில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தபோது புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, உங்க சொந்தச் சரக்கு வேலை செய்யுது” என்றார். தங்கை படுத்தபடியே விசிலை ஒரு ஊது ஊதினாள். அடுத்த அறையிலிருந்து ரெண்டுபடி, “என்ன டீச்சர், கோல் விழுந்துடுச்சா?” என்று கத்தினாள். நான் என் அறைக்கு வந்து, மெஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. டியூப் சுற்றி முடிகிறவரை காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தங்கை பூட்ஸோடு காலைத் தூக்கி வைக்க, அந்தப் பெண் கடையிலிருந்து ஒரு மெத்தைத் திண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கதவு திறந்திருக்கும்போது அவர்கள் பேசுவது கேட்கும்.

“கால் சரியானதும் இந்தப் படியில உன்கூட ஒரு ரேஸ்.”

“நான் ரெண்டு ரெண்டா ஏறுவேன் டீச்சர். நீங்க தோத்துடுவீங்க.”

“நான் மூணு மூணா ஏறுவேன்டி.”

எனக்கு அப்போது அந்தக் கதவைச் சாத்திவிட வேண்டும் போல இருந்தது. சாத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான்காவது தடவைக்குள் தங்கையின் புண் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கன்னம் அப்படியே இருந்தது. அவள் கவலைப்பட்டாள். சிலருக்கு மெதுவாகத்தான் பிடிக்கும், பாதியில் விட்டால் போட்டதும் வீண் என்று சொன்னேன். ஆறு தடவை என்பதை எட்டாக்கினேன். இதில் அவளுக்கு நஷ்டம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழிகள் இருந்த முகத்தோடு வந்தாள், அதே முகத்தோடு போகப் போகிறாள். ஒரு பக்கம் ஒரு கால். இன்னொரு பக்கம் கன்னத்தில் நாலு குழி. எந்தத் தராசில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த அறிக்கை. ஆஸ்பத்திரியில் அறுவைக்கு முன்னேற்பாடாக எடுத்தது, மூன்று பக்கம். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். மூன்றையும் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் என் தங்கையின் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாக இருந்தது. பல வருடமாக உள்ளே படுத்துக் கிடக்கிற வகை. அவளை அது ஒன்றும் செய்யவில்லை, சிலருக்குக் கடைசிவரை செய்யாது. அவளிடம் நான் சொல்லவில்லை. ஏற்கனவே சர்க்கரை, ஏற்கனவே கால். இதையும் தலையில் ஏற்றுவானேன் என்று இருந்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவளுக்கு ஊசி போட மாட்டார். ரெண்டுபடிக்குப் போகிற தட்டைக் கையில் எடுக்கும்போது அந்த மூன்றாம் பக்கம் ஞாபகம் வருமா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும் வந்தது. எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளாது என்றும் கூடவே ஞாபகம் வந்தது. இளம் ரத்தம், இரண்டு நாளில் வெட்டுக் காயத்தை மூடுகிற ரத்தம், இதையா சமாளிக்காது என்று நினைத்தேன். அவள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். புழுக்கம் பரவாயில்லை.

அவளுடைய முதல் ஊசிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒரு காலை கண்ணாடிக் கடையைத் தாண்டும்போது அவள் வாசலில் நின்று ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதி தூக்கி மூச்சு வாங்கினாள். கண் வெள்ளை வெளுத்த மஞ்சளாக இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது; நான் நாள் முழுக்க அந்த நிறத்தைப் பார்க்கிறவள்.

“சாப்பாடே இறங்க மாட்டேங்குதுக்கா. உடம்பெல்லாம் அசதியா இருக்கு.”

“வெயிலு. நிறையத் தண்ணி குடி. புதன்கிழமை மறந்துடாத.”

இதுதான் நான் சொன்னது. வெயில் என்றுதான் நான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இன்றும் அதை மாற்றவில்லை, இப்போதைக்கு.

புதன்கிழமை வந்தாள். தங்கைக்கு அது ஆறாவது, அவளுக்கு ஐந்தாவது. டாக்டர் எதையும் கவனிக்காததற்கு அவரைக் குறை சொல்லாதீர்கள். முகத்துக்கு மரத்துப்போகிற களிம்பைத் தடிப்பாகப் பூசுவதும், கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து மூடுவதும் என் வேலை. அவர் உள்ளே வரும் முன் அது முடிந்திருக்கும். தங்கையின் காலுக்குப் போகிற ஊசியைப் பார்த்து மட்டும், “என்ன, இன்னிக்கு கலர் தூக்கலா இருக்கு?” என்றார். விட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். அந்தக் கிருமி தங்கைக்கு ஏற்கனவே இருப்பதுதானே, அவளுடையதே அவளுக்குத் திரும்பி வருகிறது, அதனால் அதில் அவளுக்குக் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சரிபார்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த தடவைக்கான புதனுக்கு அவள் வரவில்லை. கடையில் வேறு ஒரு பெண் நின்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். ஈரல் மொத்தமாகப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், அவள் இறந்தாள். எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரியில் தேடினார்கள், எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள், அவளோடு ஒரே நாளில் வந்த எல்லோரையும் பரிசோதித்தார்கள். மொட்டைமாடிக்கு இல்லை. கிறீச்சுக்கு இல்லை. என் தங்கைக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து தங்கை என்னை உட்காரச் சொன்னாள். நான் நின்றேன்.

“ஆஸ்பத்திரியில அப்பவே எடுத்தாங்களேக்கா, அந்தப் பேப்பர் உன்கிட்டதான் கொடுத்தாங்க. எங்க அது?”

“எங்கேயாவது இருக்கும்.”

“என் ரத்தம் எப்படி அவ மூஞ்சிக்குப் போச்சு?”

அவள் என் கைப்பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள். அறிக்கை இரண்டாம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது, அத்தனை தடவை பிரித்துப் படித்திருக்கிறேன். மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு அவள் தன் இடது காலைப் பார்த்தாள். அதற்கு ஒரு வாரம் முன்பு புண் முழுதாக மூடி, பூட்ஸைக் கழற்றி எறிந்திருந்தோம். அவள் அப்படியே காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள். உங்களுக்கு ஃபோன் பண்ணியது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை.

சர்ஜன் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். புண் ஆறியதற்குக் காரணம் பூட்ஸ். நாலு மாதம் காலை ஊன்றாமல் இருந்ததும், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும்தான். அந்த ஊசி போடாமல் விட்டிருந்தாலும் ஆறியிருக்கும் என்று. ராத்திரி அதைப் பற்றி யோசித்தேன். அவர் நல்ல சர்ஜன்தான், ஆனால் அந்த மஞ்சளை அவர் பார்த்ததில்லை. அவர் சொல்வது உண்மை என்றால் என் தங்கை தானாகவே குணமாகியிருப்பாள், நான் நடுவில் எதற்கும் தேவைப்பட்டிருக்கவே மாட்டேன். அப்படி இருக்க முடியாது.

இன்று காலை அவளைப் பார்க்க அனுமதித்தீர்கள், நன்றி. கம்பு ஊன்றி, வலது காலால் நொண்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் விசில் இல்லை. மறுபடி புண் திறந்துகொண்டதோ என்று பதறிப்போனேன். குனிந்து பார்த்தேன், பாதம் சுத்தமாக இருந்தது, ஒரு தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தக் காலை அவள் அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

“ஊணு விசிலு. ஒண்ணும் ஆகாது. நல்லா ஆறிடுச்சு.”

“எப்படிக்கா ஊணுவேன்?”

அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் போய்விட்டாள். பிடிவாதக்காரி, கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள். ஆனால் இப்படி ஒரே காலில் நொண்டினால் அந்தக் காலிலும் புண் வரும், அதுதான் என் கவலை. அதற்காகத்தான் இந்தக் கடைசிப் பக்கம்.

கிளினிக்கில் என் அறைக் குளிர்ப்பெட்டியில், உறைய வைக்கும் தட்டில், பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் இரண்டு ஊசி நிறைய பிளாஸ்மா. என் தங்கையின் பெயர் ஒட்டியிருக்கிறது. அந்த இரண்டு ஊசியில் மட்டும் பெயர் ஒட்டினேன். கிளினிக்குக்குச் சீல் வைத்தவர்கள் கரண்டை நிறுத்தாமல் இருக்க வேண்டும். அது இனிமேல் கிடைக்கிற பொருள் இல்லை.

அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கடைசிப் புதன்கிழமை ரெண்டுபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள் மேடம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று. நான் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் இனி வர மாட்டாள் என்றும் தெரியும். படுக்க வைத்துக் கண்ணுக்குப் பஞ்சு வைத்தேன். எப்போதும் ஒரு டியூப்தான் எடுப்பேன், அன்று மூன்று எடுத்தேன். “ஏன்க்கா இன்னிக்கு இவ்ளோ நேரம்?” என்று கேட்டாள். இதோ முடிந்தது என்றேன். அவளுடையது மூன்று, தங்கையுடையது ஒன்று, குழிக்கு எதிர்க் குழி சரியாக நான்கு. அந்தப் பத்து நிமிடமும் மெஷின் கொஞ்சம்கூட ஆடவில்லை.